மலாயாப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்த அனுபவம்

எஸ்.டி.பி.எம். என்ற ஆறாம் படிவத் தேர்வை முடித்த தம்பி தங்கைகள் சிலர், பொருளியல் பட்டப்படிப்பு எப்படி இருக்கும் என்று கேட்கிறார்கள். நான் கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

விண்ணப்பம் பெரிய விஷயமில்லை. அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப முறையான யு.பி.யு.வில் விருப்ப வரிசை கொடுத்தேன், இடம் கிடைத்தது. பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடனும் கிடைத்தது. முழுத் தொகையும் வேண்டுமா என்று மட்டும் வீட்டில் பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

உண்மையான சோதனை முதலாண்டுக் கணிதம்தான். ஆறாம் படிவத்தில் விலை ஏறினால் தேவை குறையும் என்று கோடு வரைந்து விளக்கினால் போதும். இங்கே அந்தத் தேவைக் கோட்டையே நாம் சமன்பாட்டிலிருந்து வருவிக்க வேண்டும். இருக்கிற வருமானத்துக்குள் ஒருவர் எதை எவ்வளவு வாங்கினால் அதிக மனநிறைவு அடைவார்? அதற்கு டிஃபரன்சியேஷன் (வகையிடல்), ஒரு வரம்புக்குள் உச்ச அளவைக் கண்டுபிடிக்கும் லக்ராஞ்ச் முறை. அப்புறம் மேட்ரிக்ஸ். கலைப்பிரிவிலிருந்து வந்த பலரும் திணறினோம். பிரிக்பீல்ட்ஸில் தங்கியிருந்த சீனியர் அக்கா ஒருவர் வார இறுதிகளில் எங்களை உட்கார வைத்து, பழைய தேர்வுத்தாள்களை விடை பார்க்காமல் போடச் சொன்னார். என்னைக் கரையேற்றியது அந்தப் பயிற்சிதான்.

பாடம் எனக்குள் இறங்கியது இரண்டாமாண்டில். நிலையான நாணய மாற்று விகிதம், தடையில்லாத மூலதனப் போக்குவரத்து, சொந்தமாக வட்டியைத் தீர்மானிக்கும் உரிமை: இந்த மூன்றையும் ஒரு நாடு சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. ஒன்றை விட்டாக வேண்டும். விரிவுரையாளர் இதற்கு நம் நாட்டையே உதாரணம் காட்டினார். 1997 நடுப்பகுதி வரை டாலருக்கு இரண்டரை வெள்ளி அளவில் இருந்த நம் நாணயமான ரிங்கிட், 1998 ஜனவரியில் 4.80ஐயும் தாண்டிச் சரிந்தது. வட்டி ஏறியது. அந்த செப்டம்பரில் அரசு டாலருக்கு 3.80 என்று கட்டி வைத்தது. வெளிநாட்டினர் பங்குச்சந்தையில் போட்ட பணம் ஓராண்டுக்கு வெளியேற முடியாதபடி தடுத்தது. மூலதனப் போக்குவரத்தை விட்டுக்கொடுத்ததால், நாணயத்தைக் கட்டி வைத்துக்கொண்டே வட்டியையும் குறைக்க முடிந்தது. அந்த 3.80 கணக்கு 2005 ஜூலை வரை நீடித்தது.

அன்றிரவு அப்பாவுக்கு போன் செய்தேன். அந்த வருடம் வீட்டுக்கடன் தவணை கட்ட அவர் பட்ட பாட்டைச் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். "எப்பப்பா குறைஞ்சது?" என்றேன். "வருசக் கடைசிலதாம்மா மூச்சு விட்டோம்" என்றார். வகுப்பில் வரைந்த படம் எங்கள் வீட்டுக்குள் வந்து நின்ற மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு இந்தப் படிப்பை விட்டுவிடலாமா என்ற எண்ணமே வரவில்லை.

இறுதியாண்டு ஆய்வுக்குக் குடும்ப வருமானத்தை எடுத்துக்கொண்டேன். புள்ளிவிவரத் துறையின் மாநில அட்டவணைகளில் ஓர் ஆண்டுக்கு 13 மாநிலங்கள், 3 கூட்டரசுப் பிரதேசங்கள், ஆக 16 வரிசைதான். அதை மட்டும் வைத்து ரிக்ரெஷன் (ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறும் என்று மதிப்பிடும் கணக்கு) ஓட்டினால் வரும் முடிவை நம்ப முடியாது. அந்தக் கணக்கெடுப்பு ஐந்தாண்டுக்கு இருமுறை நடப்பதால், பல ஆண்டு அட்டவணைகளைச் சேர்த்து, அதே மாநிலங்களைப் பல ஆண்டுகளுக்குத் தொடரும் பேனல் தரவாக்கினேன். பழைய அறிக்கைகளிலிருந்து எண்களைத் தட்டச்சு செய்து சரிபார்த்ததில்தான் பெரும்பகுதி நேரம் போனது. இ-வியூஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஓட்டியது கொஞ்ச நேரம்தான். தலைப்பைப் பதிவு செய்யும் முன்பே தரவைத் திறந்து வரிசைகளை எண்ணிப் பாருங்கள். போதவில்லை என்றால் உடனே மேற்பார்வையாளரிடம் போய்ச் சொல்லுங்கள். தலைப்பை மாற்ற அப்போது நேரம் இருக்கும்.