மழை விட்ட பிறகும் வாசிக்க ஒரு ஆம்ப்

2025 ஜூன் 1, ஞாயிறு

விடியற்காலையிலிருந்து மழை. தகரத்தில் அது விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருக்கிறவர் பேசுவதுகூடக் காதில் விழாது. எனக்கு இந்த மழைதான் வேண்டியிருந்தது. கிட்டாரை எடுத்து, அதன் சத்தத்தைப் பெருக்குகிற பெட்டியான ஆம்பில் சொருகி வொலியூமை 3 வரைக்கும் திருப்பினேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தம். நெஞ்சுக்கூட்டுக்குள் வந்து உட்காருகிற சத்தம்.

இருபது நிமிடம் இருக்கும். மழை சட்டென்று விட்டதை நான் கவனிக்கவில்லை. ஒரு கோர்டை இழுத்து அடித்து, அது எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தபோதுதான் லயமே, எங்கள் தோட்டத்து வரிசை வீடு முழுக்க, அமைதியாக இருப்பது தெரிந்தது. தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அக்காவின் பேத்தி, பிறந்து நாற்பது நாள்கூட ஆகாத பிள்ளை, வீறிட்டு அழுதது.

எங்கள் லயத்தில் இரண்டு காம்பிராவுக்கு, அதாவது இரண்டு வீட்டு அறைகளுக்கு, நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது அப்படியே நிற்கிறது. மேலே உள்ள இடைவெளியைப் பலகை அடித்து மறைத்திருக்கிறோம். பார்வைக்குத்தான் அது மறைப்பு, சத்தத்துக்கு இல்லை.

அக்கா சண்டைக்கு வரவில்லை. வாசல் வராந்தாவான இஸ்தோப்பில் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "மழ விட்டுருச்சு தம்பி" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தை இரவு வரைக்கும் மனதை விட்டுப் போகவில்லை. இதற்கு ஒரு முடிவு கட்டும் வரைக்கும் இங்கே எழுதி வைக்கப்போகிறேன்.

ஜூன் 4, புதன்

ஆம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரோலண்ட் ஜேசி-120. 2009இல் கொழும்பில், ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமான்கள் விற்கிற ஒரு கடையில் வாங்கினேன். ஹாட்வெயார் கடைச் சம்பளத்தில் பதினொரு மாதம் சேர்த்த காசு. ரயிலில் போட்டு ஹட்டனுக்குக் கொண்டுவந்து, ஸ்டேஷனிலிருந்து நானும் எங்கள் கோஷ்டியில் டிரம்ஸ் வாசிக்கிற தம்பியும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி வந்தோம். 28 கிலோ. அன்றைக்கு அது பாரமாகவே தெரியவில்லை.

ரோலண்ட் இந்த மொடலை 1975இல் கொண்டுவந்தது. பழைய ரேடியோவில் இருக்கிற மாதிரிக் கண்ணாடி வால்வு கிடையாது, முழுக்க டிரான்சிஸ்டர். ஒரே பெட்டிக்குள் 60 வொட் வீதம் இரண்டு ஆம்ப், 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு. கோரஸ் சுவிட்சைப் போட்டால் ஒரு ஸ்பீக்கரில் கிட்டாரின் நேர் ஒலி வரும். மற்றதில் அதே ஒலி ஒரு கணம் பிந்தி, சுருதி லேசாக அசைந்து வரும். இரண்டும் கலப்பது வயருக்குள்ளே அல்ல, காற்றில். கேட்கிறவன் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். கோயில் திடலில் 20 அடி தள்ளி நின்றால் ஒரு கிட்டார் இரண்டாகி மிதக்கும். அதைக் கேட்டுத்தான் இந்த ஆம்பின் மேல் பைத்தியமானேன்.

எங்கள் காம்பிரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. கட்டில், அலுமாரி, மகளின் மேசை போக மீதி இடத்தில் முழங்கால் ஆம்பில் முட்டத்தான் உட்கார முடியும். கலப்பதற்குக் காற்று எங்கே இருக்கிறது? எனக்கு ஒரு ஸ்பீக்கர்தான் கேட்கிறது.

வொலியூம் விஷயமும் இருக்கிறது. 1இல் வைத்தாலே வீட்டுக்கு அதிகம். அதற்குக் கீழே மயிரிழை அசைத்தால் ஒன்றுமே கேட்காது, இன்னொரு மயிரிழை அசைத்தால் பிள்ளை எழும்பிவிடும்.

ஜூன் 10, செவ்வாய், பொசன் போயா

கடை லீவு. பழைய கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். எந்த ஊர், என்ன விசேஷம், எவ்வளவு காசு என்று ஒவ்வொன்றையும் எழுதி வைத்திருக்கிறேன். 2018இல் 34 நிகழ்ச்சி: மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவை, ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா. 2020இல் கொரோனா. 2022இல் கரண்டே இல்லை. அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். பாடகர் கத்தாருக்குப் போனார், கீபோட்காரர் கொழும்பில் கடை வேலைக்கு. இப்போது கல்யாண வீடுகளில் ஒரு லெப்டொப்பும் இரண்டு ஸ்பீக்கரும் போதும் என்கிறார்கள். இந்த வருஷம் இதுவரைக்கும் 2.

மனைவி தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கொப்பியைப் பார்த்தாள். தோட்டத்துப் பிள்ளைக்காம்பிராவில் நாள் முழுக்க முப்பது பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருகிறவள், அதிகம் பேசமாட்டாள்.

"விக்கச் சொல்லலங்க. ஆனா நீங்க வாசிக்கிறதையே நிப்பாட்டிட்டீங்களே, அதத்தான் பாத்துக்கிட்டு இருக்க முடியல."

அவள் சொல்வதுதான் உண்மை. ஆம்பைக் காப்பாற்றிக்கொண்டு வாசிப்பை விட்டுவிட்டிருக்கிறேன்.

ஜூன் 14, சனி

நுவரெலியா ஹோட்டல்களில் வாசிக்கிற ஒரு அண்ணன் போன் எடுத்தார். அவரிடம் பெண்டர் புளூஸ் ஜூனியர் ஒன்று இருக்கிறதாம், வால்வு ஆம்ப், 15 வொட். "ஓங்க 120க்கு இது எட்டுல ஒரு பங்கு தம்பி, வீட்டுக்கு அளவா இருக்கும்" என்றார். என் மேல் உள்ள அன்பில்தான் சொன்னார்.

ஆனால் காது வொட்டை அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. வொட் பாதியானால் சத்தம் 3 டெசிபல்தான் குறையும். காதுக்குச் சத்தம் பாதியாகத் தெரிய ஏறத்தாழ 10 டெசிபல் குறைய வேண்டும், அதாவது வொட் பத்தில் ஒன்றாக வேண்டும். 120க்கும் 15க்கும் வித்தியாசம் 9 டெசிபல். ஆக, அந்தச் சின்ன ஆம்ப் முழு மூச்சில் பாடினால் என் பெரிய ஆம்பின் பாதிச் சத்தத்துக்கும் சற்று மேலேயே இருக்கும். வால்வு ஆம்பின் ருசியோ அதைக் கொஞ்சம் நெருக்கி வாசிக்கும்போதுதான் வருகிறது. மெதுவாக வைப்பதற்காக அதை வாங்குவது, மிளகாய் போடாத சம்பல் மாதிரி. வால்வு போனால் ஹட்டனில் யாரிடம் போய்க் கேட்பது என்ற கவலை தனி.

15 வொட் என்றால் வீட்டு ஆம்ப் என்று எத்தனையோ பேர் நினைக்கிறார்கள். நல்ல கிட்டார் ஸ்பீக்கருக்கு 1 வொட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் 97 டெசிபல் வரும். வீட்டுக்கு எடுக்கிறவர்கள் வொட்டைக் கேட்காமல், "ஆகக் குறைந்த சத்தத்தில் எப்படிக் கேட்கும்?" என்று கேட்க வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

மழை. 35 நிமிடம் வாசித்தேன், ஒரு காதை எப்போதும் தகரத்தில் வைத்துக்கொண்டு. பாட்டில் மனம் ஒட்டவில்லை.

ஜூன் 21, சனி

தலவாக்கலைக்குப் போய் வந்தேன். அங்கே 22 வயதுத் தம்பி ஒருவன் புதிதாகக் கோஷ்டி சேர்த்திருக்கிறான். மேடைக்கு ஒரு பெரிய ஆம்ப் தேடுகிறான் என்று டிரம்ஸ் தம்பி சொன்னான். பஸ்ஸில் போகும்போது டெவன் நீர்வீழ்ச்சி மூட்டத்துக்குள் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது.

அவனிடம் இருப்பது பொஸ் கட்டானா 50. 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, 12 கிலோவுக்கும் குறைவு. அதில் ஒரு சுவிட்ச்: 50, 25, அரை வொட். அரை வொட்டுக்கும் 120க்கும் 24 டெசிபல் வித்தியாசம். அதோடு மாஸ்டர் வொலியூம் தனியாக இருக்கிறது. ஹெட்போனும் மாட்டலாம்.

அவன் வீட்டு ஹோலில் சத்தமாக வைத்துக் காட்டினான். நன்றாகத்தான் இருந்தது. சத்தமாக வைத்தால் எந்த ஆம்பும் நன்றாகத்தான் இருக்கும். நான் கேட்டது வேறு: "தம்பி, ஒரு கெழம என் வீட்டுல வச்சுப் பாக்குறேன். அதுவரைக்கும் என் ஆம்ப வந்து தூக்கிட்டுப் போ. நீயும் பாரு."

அவன் யோசிக்கவே இல்லை. "சரிண்ணே" என்றான். ஆம்பைப் பார்க்கும் முன்பே அவன் கண்ணில் ஆம்ப் தெரிந்தது.

ஜூன் 27, வெள்ளி

இந்த வாரம் நடந்ததை விரிவாக எழுதி வைக்கிறேன்.

தினமும் இரவு எட்டேகாலுக்கு, மகள் படுத்த பிறகு, அரை வொட்டில் வைத்து வாசித்தேன். முதல் இரண்டு இரவும் பிடிக்கவில்லை. சத்தம் சப்பென்று, தகர டப்பா மாதிரி. குறை ஆம்பில் இல்லை. சத்தம் குறையும்போது மனிதக் காது நடுவிலுள்ள ஒலியை வைத்துக்கொண்டு அடியையும் உச்சியையும் விட்டுவிடும். பிளெச்சர், மன்சன் என்ற இரண்டு பேர் 1933இலேயே இதை அளந்து வரைபடமாகப் போட்டிருக்கிறார்கள். மேடையில் கடிகார முள் மாதிரி 12 மணியைக் காட்டி நிற்கும் பேஸ் குமிழை, அடிச் சத்தத்துக்கான குமிழை, மூன்றாம் இரவு 2 மணியைக் காட்டும்படி திருப்பினேன். உச்சிக்கான டிரெபிளைக் கொஞ்சம், எதிரொலி தருகிற ரிவேர்பைக் கொஞ்சம் ஏற்றினேன். ஆம்பை நிலத்திலிருந்து தூக்கிப் பழைய கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல், காதைப் பார்க்கிற மாதிரி சாய்த்து வைத்தேன். அப்போது கிட்டார் பேசியது.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். என் ஜேசி ஜப்பான் சாமான், 100 வோல்ட். நம் கரண்ட் 230. அதனால் பதினாறு வருஷமாக ஒரு இரும்பு டிரான்ஸ்போமர் காம்பிரா மூலையில் இருந்தது. தம்பி அதையும் கொண்டுபோய்விட்டான். புதன் இரவு இரண்டு பாட்டுக்கு நடுவில் கை ஓய்ந்தபோது, வழக்கமாகக் கேட்கிற எதுவோ இல்லை. அந்த டிரான்ஸ்போமரின் இரைச்சல்! 50 ஹேர்ட்ஸ் கரண்டில் இரும்பு 100 ஹேர்ட்ஸில் அதிரும். ஆறாவது ஸ்ட்ரிங்கில் மூன்றாவது பிரெட் ஜி, 98. இத்தனை வருஷமும் என் காம்பிராவில் ஒரு ஜி, கொஞ்சம் சுருதி ஏறி, நிற்காமல் பாடிக்கொண்டே இருந்திருக்கிறது. ஜியில் ஆரம்பிக்கிற பாட்டுகள் வீட்டில் எனக்கு ஏன் உறுத்தின என்று இப்போது தெரிகிறது.

ஏழு நாளில் ஏழு நாளும் வாசித்தேன். போன வருஷம் முழுக்க வீட்டில் எத்தனை நாள் வாசித்தேன் என்று விரல் விட்டே எண்ணலாம்.

இழப்பும் உண்டு. கட்டானாவில் கோரஸ் இருக்கிறது, நல்ல கோரஸ். ஆனால் ஒரே ஸ்பீக்கரிலிருந்து கலந்தே வருகிறது. அந்த மிதப்பு இல்லை. நேற்றிரவு அதைத் தேடி அரை மணித்தியாலம் குமிழைத் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

இன்று காலையில் கொழுந்துக்குப் போகிற வழியில் அக்கா நின்றார். "இப்பல்லாம் ராவுல வாசிக்கிறியா? லேசா கேக்குது. பிள்ள நல்லா தூங்குது."

ஜூலை 5, சனி

தலவாக்கலைத் தம்பியிடம் போனில் என் ஆம்பைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வயதில் சின்னப் பையனுக்குக் குறையை மறைத்துச் சாமான் கொடுக்கக்கூடாது. கோரஸ் சுவிட்ச் சில நேரம் தொடர்பு விடும், காலால் இரண்டு தரம் மிதிக்க வேண்டும். சக்கரத்தில் ஒன்று தேய்ந்திருக்கிறது. இன்னொன்றும் சொன்னேன்: "சவுண்ட்காரங்க ஒன் ஆம்புக்கு முன்னால ஒரு மைக் வச்சா, இந்த 50 வொட்டே எந்தத் திடலுக்கும் போதும். மாத்தணும்னு அவசியமில்ல."

"தெரியும்ணே. மைக் ரெண்டுதான் இருக்கும், ரெண்டும் பாடுறவங்களுக்கு. கேட்டா ஏசுவாங்க. போன கெழமதான் மொதல் தடவையா டிரம்ஸுக்கு மேல என் கிட்டார் எனக்கே கேட்டுச்சு" என்றான்.

அதற்கு மேல் நான் என்ன சொல்ல? பதினாறு வருஷத்துக்கு முன்னால் நானும் அதற்காகத்தான் வாங்கினேன்.

பேச்சு முடிந்தது. என் ஜேசிக்கு அவன் தருவது கட்டானாவோடு மேல்காசு 40,000 ரூபாய், இரண்டு தவணை.

ஜூலை 12, சனி

தம்பியும் அவன் அப்பாவும் திரீவீலில் வந்தார்கள், ஆம்பையும் ஏற்றிக்கொண்டு. என் கையாலேயே கொடுக்க வேண்டும் என்று அவன் அப்பா நினைத்தாராம். அவர் தேயிலை பேக்டரியில் இரவு வேலை செய்கிறவர், தூங்காமல் வந்திருந்தார். அவர் கையில் முதல் தவணை, வெற்றிலையோடு.

சிவப்பு மார்க்கரால் பின்பக்கம் கரண்ட் வயர் போகிற இடத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினேன்: 100 வோல்ட் மட்டும். பிளக்குக்கு மேலும் ஒரு துணிப் பட்டையைச் சுற்றி அதையே எழுதினேன். மேடையில் அவசரத்தில் யாராவது நேரே 230இல் சொருகினால் ஒரு நொடியில் எரிந்துபோகும். அவனுக்கு இரண்டு தரம் சொன்னேன், அவன் அப்பாவுக்கு மூன்று தரம்.

திரும்ப ஏற்றும்போது ஒரு பக்கத்துப் பிடியை நான் பிடித்தேன். தோல் பிடி என் கைக்குப் பழகி ஒரு பக்கமாக வளைந்திருக்கிறது. அதை விட மனம் வரவில்லை. விட்டேன். லயத்து வளைவில் திரீவீல் மறையும்வரைக்கும் மகள் கையாட்டினாள்.

மூலை காலியாக இருக்கிறது. சிமெந்தில் நான்கு சக்கரத்தின் தடம்.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது, கோயில்களில் திருவிழா தொடங்கிவிட்டது. இரவு ஒன்பது மணிக்குத் தம்பியின் போன். பின்னால் உடுக்குச் சத்தம், ஆள் சத்தம்.

"அண்ணே, இன்னும் அஞ்சு நிமிஷத்துல ஏறணும். வொலியூம் எவ்வளவுல வைக்க?"

"திடல் எவ்வளவு பெரிசு?"

"முன்னூறு பேர் இருப்பாங்க."

"நாலுல வை. பிரைட் சுவிட்சப் போடாத. ஆம்புக்குப் பக்கத்துல நிக்காத, எட்டு அடி முன்னால போயி நில்லு, அப்பதான் ரெண்டும் சேரும். டிரான்ஸ்போமர் நனையாம பாத்துக்க."

"சரிண்ணே."

போனை வைத்துவிட்டுக் கட்டானாவைப் போட்டேன். அரை வொட், பேஸ் 2 மணி. வெளியே மழை இல்லை. பத்தே கால் வரைக்கும் வாசித்தேன்.