ஏஎம்சி தேர்விலும் வார்டிலும் பூர்வகுடி நலம்: எதைப் படிப்பது, மதிப்பெண் எங்கே போகிறது

வெளிநாட்டில் படித்த டாக்டர்கள் ஆஸ்திரேலியாவில் வேலை செய்ய எழுதும் ஏஎம்சி (ஆஸ்திரேலிய மருத்துவக் கவுன்சில்) தேர்வுக்குப் படிக்கும் நம்மவர்களில் பலர், ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களின் நலம் என்ற பகுதியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். இரண்டு பக்கக் குறிப்பு, நாலைந்து வழக்கங்கள், ‘நேராகக் கண்ணைப் பார்க்காதே’ என்று ஒரு வரி. அதோடு தயாரிப்பு முடிந்தது. அங்கேயே மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகளும் இதில் பெரிதாக வேறுபடுவதில்லை. வழக்கங்களை மனப்பாடம் செய்தவர் இந்தப் பகுதியில் சுமாராகத்தான் வாங்குவார். நோயாளியின் குடும்பமும் அவர்களுடைய சமூக மருத்துவமனையும் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் என்று தெரிந்து நடப்பவருக்கே முழு மதிப்பெண் கிடைக்கும்.

தேர்வை இப்படி வைத்திருப்பதற்குப் பின்னணி உண்டு. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் மருத்துவக் கல்வி தொடங்கியது 1862இல். நாட்டின் முதல் பூர்வகுடி மருத்துவரான ஹெலன் மில்ராய், மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றது 1983இல். பக்கத்து நியூசிலாந்தில் மாவோரி இனத்தவரான மாவி போமாரே 1899இலேயே சிகாகோவில் படித்து டாக்டராகிவிட்டார். 1862க்கும் 1983க்கும் இடையில் இருக்கும் இத்தனை ஆண்டுகளும் பூர்வகுடி மக்களைப் பற்றி மற்றவர்கள்தான் பாடம் நடத்தினார்கள். 2004இல் மருத்துவக் கல்லூரி டீன்களின் குழு பூர்வகுடி நலத்துக்கென்று ஒரு பாடத்திட்டச் சட்டகத்தை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டே ‘லைம்’ என்ற வலையமைப்பு உருவாகி, ஆஸ்திரேலிய, நியூசிலாந்துக் கல்லூரிகளில் இந்தப் பாடத்தை நடத்தும் பூர்வகுடி ஆசிரியர்களை ஒன்று சேர்த்தது. ஏஎம்சி 2023இல் திருத்தி, 2024 முதல் நடைமுறைப்படுத்திய தரநிலைகள் இன்னும் ஒரு படி போகின்றன. பாடத்தை வடிவமைப்பதிலும் நடத்துவதிலும் பூர்வகுடி மக்களுக்குப் பங்கு இருக்கிறதா என்று கல்லூரியையே கேட்கின்றன.

முதலில் எம்சிக்யூ, அதாவது சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு. 150 கேள்விகள், மூன்றரை மணி நேரம். அதில் 120க்குத்தான் மதிப்பெண், மற்ற 30 மதிப்பெண் இல்லாத முன்னோட்டக் கேள்விகள். இந்தப் பகுதியிலிருந்து வரும் கேள்விகளில் பல, வயது வரம்பைத் தெரிந்திருந்தாலே விழும். பொது மக்களுக்கு இதயநோய் ஆபத்துக் கணக்கீடு 45 வயதில் தொடங்கும். பூர்வகுடி மக்களுக்கு 30இல். நீரிழிவுப் பரிசோதனையும் சிறுநீரகப் பரிசோதனையும் 18 வயதிலிருந்தே ஆண்டுதோறும். அக்கித் தடுப்பூசி மற்றவர்களுக்கு 65இல் இலவசம் என்றால் இவர்களுக்கு 50இல். நிமோகாக்கல் தடுப்பூசியில் 70க்கும் 50க்கும் உள்ள வித்தியாசம். கேள்வியில் ‘பூர்வகுடிப் பெண், வயது 34’ என்று எழுதியிருந்தால் அது அலங்காரத்துக்கு எழுதியதல்ல, விடை அங்கேதான் மாறுகிறது. வயதையும் அந்தச் சொல்லையும் சேர்த்து அடிக்கோடிடுங்கள்.

நோய்களில், ஸ்ட்ரெப் என்ற கிருமியின் தொற்றுக்குப் பின் மூட்டுகளையும் இதயத்தையும் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சலுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குவது தகும். இந்தியாவிலும் இலங்கையிலும் படித்தவர்களுக்கு நன்கு தெரிந்த நோய்தானே என்று தோன்றும். சிக்கலே அந்த நம்பிக்கையில்தான். இந்த நோயைக் கண்டறியும் பழைய ஜோன்ஸ் அளவுகோலை வைத்துக்கொண்டு போனால் நோயைத் தவறவிடுவீர்கள். அதிக ஆபத்துள்ள மக்களிடம் பல மூட்டுகளில் வெறும் வலி இருந்தாலே அது முதன்மை அறிகுறி, வீக்கம் வேண்டியதில்லை. ஒரே மூட்டில் கிருமித் தொற்றில்லாத வீக்கம் இருந்தாலும் அப்படியே. காய்ச்சல் 38 டிகிரி போதும், 38.5 வேண்டாம். அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர் இரத்தப் பரிசோதனையில் 60 வரை காத்திருக்க வேண்டாம், 30 போதும். மற்றபடி இரண்டு முதன்மை, அல்லது ஒரு முதன்மையும் இரண்டு துணை அறிகுறிகளும், கூடவே ஸ்ட்ரெப் தொற்றுக்கான சான்று என்ற அடிப்படை அப்படியேதான்.

மருந்திலும் ஊர் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். நம் ஊரில் நோய் திரும்பாமல் தடுக்கும் பெனிடியூர் ஊசியை 21 நாளுக்கு ஒருமுறை போட்டே கை பழகியிருக்கும். ஆஸ்திரேலியாவில் அதே மருந்து, பென்சத்தைன் பென்சில்பெனிசிலின், பொதுவாக 28 நாளுக்கு ஒருமுறை. 21 நாள் என்பது சில கடுமையான நிலைமைகளுக்குத்தான். எடை 20 கிலோவும் அதற்கு மேலும் என்றால் 12 லட்சம் யூனிட், குறைவென்றால் 6 லட்சம். இதய பாதிப்பு இல்லையென்றால் ஊசி கடைசித் தாக்குதலிலிருந்து குறைந்தது 5 ஆண்டுகள் அல்லது 21 வயது வரை, இரண்டில் எது நீளமோ அது. இதய வால்வு பாதிப்பு நடுத்தரமாக இருந்தால் 35 வயது வரையும், கடுமையாக இருந்தால் 40 வரையும் நீளும்.

இனி கிளினிக்கல் தேர்வு. 16 ஸ்டேஷன்கள் (ஒவ்வொன்றும் ஒரு நோயாளிச் சூழல்), அதில் 14க்கு மதிப்பெண், 9 தேறினால் பாஸ். ஒவ்வொன்றிலும் வாசிக்க 2 நிமிடம், பேச 8 நிமிடம். பயிற்சிக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வடக்குப் பிரதேசத்தில் தொலைதூரக் கிளினிக். 11 வயதுச் சிறுமி, மூன்று நாள் முன்பு முழங்கால் வலி, இப்போது கணுக்கால் வலி, காய்ச்சல் 38.2. கூட வந்திருப்பவர் ஒரு பெண்.

முதல் அரை நிமிடத்திலேயே பலர் சறுக்குவார்கள். ‘நீங்கள் அம்மாவா?’ என்று கேட்டு, அவர் ஆமாம் என்றதும் அனுமதிப் பேச்சைத் தொடங்கிவிடுவார்கள். பல பூர்வகுடிச் சமூகங்களில் தாயின் சகோதரியும் தாய்தான். பெரியம்மாவும் சின்னம்மாவும் உள்ள நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆகவே, ‘இவள் யாரோடு இருக்கிறாள்? இவளுடைய சிகிச்சை பற்றிப் பேசும்போது வேறு யார் இருக்க வேண்டும்?’ என்று கேட்பதே சரி. கையெழுத்து யார் போடலாம் என்ற சட்டக் கேள்வி அதற்குப் பிறகு எளிதாகிவிடும்.

அடுத்து ஊர், குடும்பம் என்று ஒரு நிமிடம் பேச வேண்டும். இது நேர விரயம் என்று நினைக்காதீர்கள். நீங்கள் எங்கிருந்து வந்தவர், எவ்வளவு நாளாக இங்கே வேலை என்று ஓரிரு வரியில் சொல்லுங்கள். அவர்களுடைய ஊரைக் கேளுங்கள். கிளினிக்கல் யார்னிங் (கதை பேசுவது போன்ற மருத்துவ உரையாடல்) என்று அங்கே கற்றுத்தரும் முறையில் முதல் பகுதி இந்தப் பழகும் பேச்சு, இரண்டாவது நோயறியும் பேச்சு, மூன்றாவது சிகிச்சையைப் பற்றிய பேச்சு. நோயறியும் பகுதியில் கேள்விகளை அடுக்காதீர்கள். ‘வலி எப்போது ஆரம்பித்தது, எந்த மூட்டு, வீக்கம் உண்டா, தொண்டை வலி இருந்ததா?’ என்று ஒரே மூச்சில் கேட்டால் கிடைக்கும் விடை ‘ஆமாம்’ ஒன்றுதான், அந்த ஆமாமுக்கு அர்த்தமும் இருக்காது. பேச்சை முடித்துக்கொள்ளவே சிலர் எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவார்கள். ‘வலி வந்த நாளிலிருந்து என்ன நடந்தது, சொல்லுங்கள்’ என்று விட்டுவிட்டுக் காத்திருங்கள். ஐந்து வினாடி மௌனம் தேர்வறையில் மிக நீளமாகத் தெரியும். இருந்தாலும் வாயைத் திறக்காதீர்கள்.

சிகிச்சையில் சொல்ல வேண்டியவை: மருத்துவமனையில் சேர்க்க வேண்டும், இதயத்துக்கு ஈசிஜி, எக்கோ, அழற்சிக்கு சிஆர்பி, ஈஎஸ்ஆர், ஸ்ட்ரெப் சான்றுக்கு ஏஎஸ்ஓ, ஆன்டி-டிஎன்ஏஸ் பி. நோய் உறுதியாகும் வரை வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். வீக்கம் குறைக்கும் மாத்திரையை முன்கூட்டியே கொடுத்தால் மூட்டு விட்டு மூட்டுத் தாவும் வலி மறைந்து நோயறிதல் குழம்பிவிடும். இங்கே இன்னொரு பொறி இருக்கிறது. சேர்க்க வேண்டும் என்றால் டார்வினுக்கோ ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கோ விமானத்தில் அனுப்ப வேண்டும். யார் கூடப் போவது, வீட்டில் மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது, ஊரில் துக்க காரியம் ஏதாவது நடக்கிறதா என்று கேட்காமல் ‘ரெஃபர் செய்கிறேன்’ என்று முடித்தவருக்கு மருத்துவம் தெரிகிறது, மனிதர்கள் தெரியவில்லை என்றே தேர்வு நடத்துபவர் எழுதுவார். ஊசியைப் பற்றிப் பேசும்போது வலியைக் குறைக்கும் வழிகளைச் சொல்லுங்கள்: குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சிரிஞ்சை அறை வெப்பத்துக்கு வரவிட்டு, இரண்டு மூன்று நிமிடம் எடுத்து மெதுவாகப் போடுவது. மாதம் ஒரு முறை, வருடக்கணக்கில் குத்தப்படப் போகும் பிள்ளைக்கு இது சிறிய விஷயமல்ல. ஊசி தவறினால் ‘சொன்னபடி கேட்கவில்லை’ என்று குடும்பத்தின் மேல் பழி போடும் தொனி வேண்டாம். கிளினிக்கின் நினைவூட்டல் ஏற்பாடு என்ன என்பதுதான் கேள்வி.

அடையாளம் கேட்பது தனிப் பயிற்சி. ‘நீங்கள் அபோரிஜினல் அல்லது டாரஸ் நீரிணைத் தீவு வம்சாவளியா?’ என்ற கேள்வியை எல்லா நோயாளிகளிடமும் கேட்க வேண்டும். நிறத்தைப் பார்த்து ஊகித்துக் கேட்பதும் தவறு, வெள்ளையாக இருக்கிறாரே என்று விட்டுவிடுவதும் தவறு. ‘தப்பாக நினைக்காதீர்கள்’ என்று முன்னுரை போடாதீர்கள். பிறந்த தேதி கேட்கும் அதே குரலில் கேளுங்கள். ஆமாம் என்றால் அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரில் 715 என்ற எண்ணின் கீழ் முழு உடல்நலப் பரிசோதனை செய்யலாம். எந்த வயதினருக்கும் உண்டு, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 9 மாதம் வேண்டும். மருந்துச் செலவைக் குறைக்கும் சலுகைக்கும் பதியலாம். விரல் வெட்டுக்காயத்தோடு வந்த 32 வயது ஆணிடம் இதை எடுத்துச் சொல்வதே ஒரு ஸ்டேஷனாக வரக்கூடும். ஆனால் காயத்தை முதலில் பாருங்கள். வந்தவரின் வலியை விட்டுவிட்டுப் பட்டியலை எடுப்பவர் அவரை மறுபடி பார்க்கப் போவதில்லை.

பேச்சில் சில. ‘அபோரிஜின்’ என்ற சொல் கூடாது, அபோரிஜினல், டாரஸ் நீரிணைத் தீவு மக்களைக் குறிக்கும் ‘ஏடிஎஸ்ஐ’ என்ற சுருக்கத்தையும் பலர் விரும்புவதில்லை. இறந்தவரின் பெயரைச் சில சமூகங்களில் சொல்ல மாட்டார்கள், ஆகவே எதை எப்படிச் சொல்வது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வயதான பெண்மணியைக் கண்டதும் ‘அம்மா’, ‘பாட்டி’ என்று நம் வாயில் வரும். அதே அன்பில் ‘ஆன்டி’ என்று அழைத்துவிடாதீர்கள். அங்கே அது சமூகம் தரும் மரியாதை, அழைக்கச் சொன்ன பிறகே அழைக்கலாம். பூர்வகுடி நலத் தொடர்பு அலுவலரை வரவழைப்பது நல்லது, ஆனால் நோயாளியைக் கேட்டுவிட்டு. சிறிய ஊரில் அந்த அலுவலர் நோயாளியின் மைத்துனராக இருக்கக்கூடும்.

கல்லூரி மாணவர்களுக்குச் சிந்தனைக் கட்டுரை என்று ஒன்று வரும். வழக்கமாக அதில் நடப்பது இதுதான்: ஆயுட்கால இடைவெளி (2020–22 கணக்கில் ஆண்களுக்கு 8.8, பெண்களுக்கு 8.1 ஆண்டுகள்), நீரிழிவு, சிறுநீரகம் என்று நோய்ப் பட்டியல், கடைசியில் ‘மனம் கனத்தது’. இந்தக் கட்டுரைக்கு நடுத்தர மதிப்பெண்தான். திருத்துபவர் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவராகவே இருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். தன் மக்களை நோய்ப் பட்டியலாகப் படிக்க யாருக்குப் பிடிக்கும்? மாறாக ஒரு ஏற்பாட்டை எடுத்து ஆராயுங்கள். 1971இல் சிட்னியின் ரெட்ஃபெர்னில் பூர்வகுடி மக்களே தொடங்கிய மருத்துவமனையைப் பின்பற்றி இன்று நாடு முழுவதும் சமூகமே நடத்தும் நிலையங்கள் உள்ளன. நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பது சமூகம். நீங்கள் பார்த்த மருத்துவமனைக்கும் அதற்கும் முடிவெடுக்கும் முறையில் என்ன வித்தியாசம், அதனால் நோயாளி திரும்பி வருவதில் என்ன மாற்றம் என்று எழுதினால் கட்டுரை நிமிரும். உங்கள் சொந்த இடத்தையும் எழுதுங்கள். நாமும் காலனி ஆட்சியில் இருந்தவர்கள்தான் என்ற வரியைப் பல தமிழ் மாணவர்கள் எழுதுகிறார்கள். அது உண்மைதான். ஆனால் அந்த மண்ணில் நாம் குடியேறிகள், டாக்டர் கோட்டும் போட்டிருக்கிறோம் என்ற அடுத்த வரியும் வேண்டும்.

ஆய்வுத் திட்டம் செய்ய ஆசைப்பட்டால் கேள்வித்தாளோடு போகாதீர்கள். முதலில் கல்லூரியின் பூர்வகுடி நலப் பிரிவிடம் பேசுங்கள், அவர்கள் வழியாகச் சமூக மருத்துவமனையை அணுகி அவர்களுக்கு எது தெரிய வேண்டும் என்று கேளுங்கள். நிர்வாகக் குழு கூடும் நாள் அவர்கள் வசதி. பிறகு நெறிமுறைக் குழு. நியூ சவுத் வேல்ஸில் பூர்வகுடி ஆய்வுகளுக்கென்றே தனிக்குழு இருக்கிறது. தேசிய மருத்துவ ஆய்வுக் கவுன்சிலான என்எச்எம்ஆர்சியின் 2018 வழிகாட்டுதலில் ஆறு விழுமியங்கள் உள்ளன, விண்ணப்பத்தில் ஒவ்வொன்றுக்கும் நீங்கள் செய்யப்போவது என்ன என்று தனித்தனியே எழுத வேண்டும். பலருக்கு இடிப்பது ‘பரிமாற்றம்’ என்ற இடத்தில்: ஆய்வால் சமூகத்துக்குக் கையில் என்ன கிடைக்கும் என்பதற்கு ‘எதிர்காலத்தில் பயன்படும்’ என்று எழுதினால் விண்ணப்பம் திரும்பி வரும். தரவு யாருடையது, முடிவுகளை வெளியிடும் முன் யாரிடம் காட்டுவது, கட்டுரையில் யார் பெயர் வரும் என்பதை எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு செமஸ்டருக்குள் இத்தனையும் முடிவது அரிது. அப்படியானால் மருத்துவமனை ஏற்கெனவே நடத்தும் தர மேம்பாட்டு வேலையில், 715 பரிசோதனைக்குப் பின் தொடர்சிகிச்சை நடந்ததா என்று பார்ப்பது போன்ற ஒன்றில், அவர்கள் சொல்லும் பகுதியை மட்டும் செய்யக் கேளுங்கள்.

வேலைக்கான நேர்முகத்திலும் இதே கேள்வி வரும். ‘நான் எல்லா நோயாளிகளையும் ஒரே மாதிரி நடத்துகிறேன்’ என்பது நம்மவர்கள் மனதார நம்பிச் சொல்லும் பதில், குழுவின் முகம் சுருங்குவதும் அதில்தான். பாதுகாப்பாக உணர்ந்தாரா என்பதை நோயாளியும் குடும்பமும்தான் சொல்ல முடியும் என்பதே மருத்துவ வாரியத்தின் நிலைப்பாடு. ஆகவே பதிலில் ஒரு வேலையைச் சொல்லுங்கள்: சிகிச்சை முடியும் முன் ஒருவர் வார்டை விட்டுக் கிளம்புகிறார் என்றால் படிவத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன், என்ன நடந்தது, யாரைத் தொடர்புகொள்ள வேண்டும், எந்த மருந்தைக் கையில் கொடுத்தனுப்பலாம், அவருடைய கிளினிக்குக்கு இன்றே யார் போன் செய்வது என்று எந்த வரிசையில் பார்ப்பீர்கள் என்பதை.