கரை சேர்ந்த சொல்

கும்பகோணம் ஸ்டேஷனில் 'அரைவிங்' என்ற அறிவிப்பைக் கேட்டால் எனக்குப் படகுதான் கண்ணில் வரும். 'வந்து சேர்' என்று பொருள்படும் அந்த ஆங்கில 'அரைவ்' பிறந்த கதை அப்படி!

லத்தீனில் 'ரீபா' என்றால் கரை. கரையை நோக்கி வருவது, கப்பலில் வந்து இறங்குவது, இதுதான் அந்த ரீபாவிலிருந்து வந்த 'அரைவ்' என்பதன் மூலப்பொருள். பழைய பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோதும் அதே அர்த்தம்தான். குதிரையில் வருவதும் நடந்து வருவதும் பிறகு சேர்ந்துகொண்டவை. இன்று கூரியர் வந்தாலும் அரைவ்தான்.

'ரிவர்' என்ற சொல்லுக்கும் வேர் இந்த ரீபாதான். ஆற்றுக்கே கரையை வைத்துப் பெயர்! எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. நாமும் குளிக்கப் போகும்போது "ஆத்தங்கரைக்குப் போயிட்டு வாரேன்" என்றுதானே சொல்கிறோம். மகளுக்குக் கல்யாணம் முடிந்தால் "கரை சேத்துட்டேன்" என்கிறார் அப்பா. காவிரி கடலில் கலக்கும் புகாரில் சங்க காலத்தில் குதிரைகள் கடல்வழியே வந்து இறங்கின. அந்த லத்தீன் பொருளுக்கு அச்சு அசலான 'அரைவ்' அதுதான்.

'ரிவர்' மாதிரியே ஒலிக்கும் 'ரைவல்' (போட்டியாளர்) மட்டும் வேறு வேர். லத்தீனில் 'ரீவுஸ்' என்றால் ஓடை. ஒரே ஓடையில் தண்ணீர் எடுப்பவர்கள் ரைவல்கள். கடைமடையில் முறைத்தண்ணீருக்காக ராத்திரியெல்லாம் மடையில் காத்துக் கிடந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

வாய்க்காலில் முதல் தண்ணீர் வந்து சேர்வதற்கு உங்கள் ஊரில் தனிச்சொல் உண்டா? இருந்தால் எழுதுங்கள், சேர்த்து வைக்கிறேன்.