சிட்டாவுல கடன் தெரியாது

எங்க ஸ்கூல் பட்டுக்கோட்டை பக்கம், ஊர் பேரு வேணாம். 2018 நவம்பர் 16 கஜா புயல் அடிச்சப்ப நான் இங்க டீச்சரா வந்து ரெண்டு வருஷம். புயலுக்கப்புறம் ஸ்கூல் திறந்து அட்டெண்டன்ஸ் எடுத்தா ஒன்பதாவதுல பாதி பெஞ்ச் காலி. தென்னைய நம்பின ஊரு, புதுசா கன்னு வச்சா காய்க்க அஞ்சாறு வருஷம் ஆகும், வட்டி அதுவரைக்கும் காத்துக்கிட்டா இருக்கும், அப்பாக்காரங்க திருப்பூருக்கு பஸ் ஏறுனாங்க, சில பசங்களும் பின்னாடியே பனியன் கம்பெனிக்கு போயிட்டானுங்க. நானும் பி.டி. சாரும் வண்டிய எடுத்துக்கிட்டு வீடு வீடா போனோம், நாலு பேர கூட்டிட்டு வந்தோம், ரெண்டு பேர் வரவே இல்ல, அது இன்னும் உறுத்துது.

அடுத்த வருஷம் எட்டாவதுல ஒரு பொண்ணு, கணக்குல புலி. என்எம்எம்எஸ்னு மத்திய அரசோட ஸ்காலர்ஷிப் பரீட்சை, அதுல செலக்ட் ஆனா ஒன்பதாவதுலேர்ந்து பிளஸ் டூ வரைக்கும் மாசம் 1000 ரூபா வரும், அந்த வீட்டுக்கு அது பெரிய காசு. சாயங்காலம் ஒரு மணி நேரம் எக்ஸ்ட்ரா கிளாஸ் வச்சோம், சுண்டல் டீ எங்க காசு (பசியோட மேட், அதாவது மனத்திறன் கேள்விய போட்டுப் பாருங்க, தெரியும்). படிப்பு பிரச்சனையே இல்லங்க, வருமானச் சான்றுதான் பிரச்சனை. அப்ப குடும்ப வருமான லிமிட் வருஷத்துக்கு 1,50,000. அவங்க அப்பா பேர்ல ஒன்றரை ஏக்கர் தோப்பு இருக்கு, ஆபீஸ்ல சிட்டாவ (நிலம் யார் பேர்ல இருக்குன்னு காட்டுற பதிவு) பார்த்துட்டு "சொந்த தோப்பு இருக்கேம்மா" ன்னு சொல்லிட்டாங்க. தோப்புல நின்னது முழங்கால் உயர கன்னு, நகையெல்லாம் கூட்டுறவு சொசைட்டில அடகு. சிட்டாவுல நிலம்தான் தெரியும், கடன் தெரியாது. எச்.எம் சார் நேர்ல போய் உக்காந்து பேசி ரெண்டு வாரம் கழிச்சு வாங்கிட்டு வந்தாரு.

பாஸ் பண்ணிட்டா. அதோட முடிஞ்சுதா? ஆதார்ல இனிஷியல் பின்னாடி, ஸ்கூல் ரெஜிஸ்டர்ல முன்னாடி, பேங்க்ல இனிஷியலே இல்ல, பணம் ஏறவே மாட்டேங்குது, மூணு தடவை அலைஞ்சோம். ஸ்காலர்ஷிப் இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க, அதை கைக்கு கொண்டு வர்ற வேலைய டீச்சர்தான் கிளாஸுக்கு நடுவுல பண்றோம்.

காலை உணவு 2023 ஆகஸ்ட்ல எல்லா அரசு தொடக்கப்பள்ளிக்கும் வந்துச்சு, நல்ல விஷயம், ஆனா அஞ்சாவதோட முடிஞ்சுடும். பக்கத்து தொடக்கப்பள்ளிக்கு தம்பிய கொண்டு விட வர்ற ஒன்பதாவது பொண்ணு ஒண்ணு, அவன் பொங்கல் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் தூண்ல சாஞ்சு நிக்கும், தட்ட பார்க்காது, வேணும்னே வெளிய பார்க்கும். ஒருநாள் சமைக்கிற அக்கா "உப்பு சரியா இருக்கான்னு பாருடி" ன்னு ஒரு தட்ட கையில குடுத்துச்சு. அப்புறம் தினமும் உப்பு பார்க்கற வேலை அந்த பொண்ணுக்குத்தான். ரூல்ஸ்ல இல்ல, நான் எதையும் பார்க்கல. சாப்பிடுறியான்னு கேட்டிருந்தா அந்த பொண்ணு வேணாம்னுதான் சொல்லியிருக்கும்.

கணக்குப் பொண்ணு இப்ப காலேஜ், அரசுப் பள்ளில படிச்ச பொண்ணுங்களுக்கு காலேஜ்ல குடுக்குற புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா வருது, அதை சொல்லித்தான் அவங்க அப்பாயிய சம்மதிக்க வச்சோம். போன மாசம் ஸ்கூலுக்கு வந்தா, தம்பிக்கு என்எம்எம்எஸ் ஃபார்ம் கேட்டு. ஃபார்ம எடுத்துக்கிட்டே "ஆதார் கொண்டாம்மா, இனிஷியல பார்ப்போம்" னேன்.

"அதெல்லாம் போன லீவுலயே மாத்திட்டேன் சார், பேங்க்லயும்."