தும்மலுக்காகப் படுக்கை மாற்றிய அனுபவம்

அலர்ஜி டெஸ்டுக்குப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று: செட்ரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால், டாக்டரைக் கேட்டுச் சில நாட்கள் முன்பே நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் தோலில் எதுவுமே தடிக்காது, போன காரியம் வீண். முன்கையில் அலர்ஜி தரக்கூடிய பொருள்களின் சாற்றை வரிசையாகச் சொட்டு வைத்து ஒவ்வொன்றின் மேலும் லேசாகக் குத்துவார்கள். கால் மணி நேரத்தில் தடிப்பை அளந்து பார்ப்பார்கள். எனக்குக் கரப்பானுக்குக் கொஞ்சம், டஸ்ட் மைட் என்னும் தூசுப் பூச்சிக்கு நன்றாகவே தடித்தது. விடிந்தவுடன் தும்மலும் மூக்கடைப்பும், ஒன்பது மணிக்கு மேல் ஒன்றுமில்லை. இதற்குத்தான் பல வருடமாக 'சைனஸ்' என்று பெயர் வைத்திருந்தேன்.

டாக்டர் மூக்கில் அடிக்கும் ஸ்பிரே எழுதிக் கொடுத்துவிட்டு, "படுக்கைய கொஞ்சம் கவனிங்க" என்றார். எதைக் கவனிப்பது என்று விளக்க அவருக்கு நேரமில்லை. வெளியே டோக்கன் கூட்டம். மிச்சத்தை நானே தேடிப் படித்தேன்.

டஸ்ட் மைட் சுமார் கால் மில்லிமீட்டர்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கடிக்கவும் கடிக்காது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதிலைத் தின்று, காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி உயிர் வாழும். நமக்கு ஒத்துக்கொள்ளாதது பெரும்பாலும் அதன் கழிவுதான். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் அதனால் தாக்குப்பிடிக்க முடியாது. 70, 80 என்றால் கொண்டாட்டம். சென்னை எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

எங்கள் கட்டிலில் இருந்தது கல்யாணச் சீரில் வந்த இலவம்பஞ்சு மெத்தை. எனக்குத் தேனிப் பக்கம். போடி இலவம்பஞ்சு என்றால் அங்கே தனி மரியாதை. மெத்தையை மாற்றப்போகிறேன் என்று போனில் சொன்னதும் அம்மா கொதித்துவிட்டார். "மொட்டமாடில வெயில்ல போட்டு நாலு சாத்து சாத்துடி, எல்லாம் போயிரும். சீர் மெத்தையப் போயி யாராவது தூக்கிப் போடுவாங்களா?"

அம்மா சொன்னதில் பாதி சரி. நல்ல வெயிலின் சூடும் வறட்சியும் மைட்டைக் கொல்லும். ஆனால் அரை அடி கனமுள்ள மெத்தையின் நடுப்பகுதிவரை அந்தச் சூடு இறங்காது. செத்தாலும் கழிவு உள்ளேயேதான் இருக்கும். தடியால் அடிக்கும்போது அது காற்றில் எழும்பும், அடிக்கிறவர் அலர்ஜிக்காரராக இருந்தால் அன்றைக்கு வேறு வினையே வேண்டாம்.

கடைகளில் ஏறி இறங்கியதுதான் எரிச்சலான பகுதி. ஒருவர் லேடெக்ஸ் என்ற ரப்பர் நுரை மெத்தையில் பூச்சியே வராது என்றார். இன்னொருவர் மெமரி ஃபோமுக்கு அதே சத்தியத்தைச் செய்தார். எல்லா அட்டையிலும் 'ஹைப்போ-அலர்ஜெனிக்', அதாவது அலர்ஜி குறைவாகத் தரும் என்று அச்சடித்திருந்தது. எதைச் சோதித்து அப்படிப் போட்டார்கள் என்று கேட்டால், "கம்பெனியே போட்டுருக்காங்க மேடம்" என்பதோடு சரி. ரப்பர் நுரை அடர்த்தியாக இருப்பதால் உள்ளே புகுவது மைட்டுக்குக் கஷ்டம், அது உண்மை. ஆனால் செதில் சேர்வது மேல்துணியில். புது மெத்தையானாலும் சில மாதத்தில் குடியேற்றம் ஆரம்பித்துவிடும்.

எனக்குத் தெளிவு கிடைத்தது தலையணை பற்றிப் படித்தபோது. அலர்ஜி என்றால் இறகுத் தலையணை ஆகாது, செயற்கைப் பஞ்சுதான் நல்லது என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். அளந்து பார்த்த ஆய்வுகளில் செயற்கைப் பஞ்சுத் தலையணையில்தான் மைட் கழிவு அதிகம் இருந்தது. இறகு வெளியே வராமலிருக்க அதன் உறையை நெருக்கமாக நெய்கிறார்கள், அந்த நெசவே மைட்டையும் தடுத்துவிடுகிறது என்பதுதான் விளக்கம். ஆக, உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்பதைவிட மேலே என்ன துணி போர்த்தியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அன்றிலிருந்து மெத்தைக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டு உறை தேட ஆரம்பித்தேன்.

இங்கேயும் ஒரு குழப்பம் உண்டு. 'மேட்ரஸ் புரொடெக்டர்' என்று விற்பதில் பெரும்பாலானவை நான்கு மூலையிலும் எலாஸ்டிக் வைத்து மேல்பக்கத்தை மட்டும் மூடுபவை. குழந்தை சிறுநீர் கழித்தால் மெத்தை நனையாது, அவ்வளவுதான். நமக்கு வேண்டியது ஆறு பக்கமும் மூடி ஜிப் போடும் உறை. துணியின் துளை 10 மைக்ரானுக்குள் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்க வேண்டும். 6 என்றால் இன்னும் நல்லது. நூல் எண்ணிக்கை 400, 600 என்று எழுதியிருப்பதை வைத்து இதைத் தெரிந்துகொள்ள முடியாது. துளை அளவைக் கேட்டு எழுதினேன். பல விற்பனையாளர்கள் பதிலே போடவில்லை, போடாதவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கினேன். துணிக்கடைப் பை மாதிரி இருக்கும் நான்-வோவன் உறை மலிவு, ஆனால் அந்த இழைகளுக்குள்ளேயே மைட் தங்கிவிடும் என்பதால் அதுவும் வேண்டாம்.

மிஞ்சியது இரண்டு வகை. அடியில் பாலியூரித்தேன் படலம் ஒட்டிய துணி ஒன்று. படலமே இல்லாமல் மிக நெருக்கமாக நெய்தது மற்றொன்று. முதலாவது விலை குறைவு, ஆனால் திரும்பிப் படுத்தால் சரசரக்கும், கரண்ட் போனால் முதுகு வேர்க்கும். மெத்தைக்கு அதையும், முகம் படுகிற தலையணைக்கு மட்டும் நெய்த உறையையும் வாங்கினேன். ஜிப் முடிகிற இடத்தில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது, அதன் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டேன்.

எந்த மெத்தைக்கும் இந்த உறை போதும் என்பதால் சீர் மெத்தையையே காப்பாற்றப் பார்த்தேன். முடியவில்லை. அது அங்கங்கே கட்டி தட்டி மேடும் பள்ளமுமாக இருந்தது, ஜிப் பாதியில் நின்றது. கடைசியில் ரப்பர் கலந்த தேங்காய் நாரால் ஆன சாதாரண ரப்பரைஸ்டு காயர் மெத்தை வாங்கி, வந்த அன்றே உறைக்குள் போட்டாயிற்று. பழைய பஞ்சை அம்மா ஊருக்கே வரவழைத்துக்கொண்டார். திண்ணை மெத்தையாகத் தைத்திருக்கிறாராம்.

உறைக்கு மேலே வருவதெல்லாம் துவைக்க முடிவதாக இருக்க வேண்டும். வெல்வெட் விரிப்பு, தடிமனான கம்பளி எல்லாம் அறையைவிட்டுப் போயின. சென்னிமலைப் பருத்தி பெட்ஷீட்தான் விரிப்பும் போர்வையும். வாரம் ஒருமுறை துவைக்கும்போது தண்ணீர் 60 டிகிரி இருந்தால்தான் மைட் சாகும். எங்களுடையது மேலே திறக்கும் மெஷின், ஹீட்டர் கிடையாது. கெய்சர் தண்ணீரைப் பெரிய பக்கெட்டில் பிடித்து, போதாததற்கு அடுப்பில் காய்ச்சியதைக் கலந்து, கரண்டிக் காம்பால் அமுக்கி ஊறவைத்த பிறகு மெஷினில் போடுகிறேன். குழந்தைகளை அந்தப் பக்கம் விடக்கூடாது. சாயம் போகும் ஷீட்டைத் தனியாக ஊறவைக்க வேண்டும். நேரமில்லாத வாரம் பச்சைத் தண்ணீரோடு சரி. மைட் சாகாது, ஆனால் கழிவில் பெரும்பகுதி அலசலிலேயே போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் வெயிலும் கிடையாது, ஈரமும் உச்சம். அப்போது இரவில் ஏசியை ஈரத்தை இழுக்கும் ட்ரை மோடில் போடுகிறேன்.

உறையை மட்டும் மாட்டிவிட்டு அற்புதத்தை எதிர்பார்க்க வேண்டாம். 2003-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளிலும் உறை போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் நோயில் வித்தியாசம் தெரியவில்லை. ஒன்று ஆஸ்துமா உள்ள பெரியவர்களைப் பற்றியது, மற்றது மூக்கு அலர்ஜி பற்றியது. அதைப் படித்த பிறகுதான் துவைப்பு, ஈரப்பதம், ஸ்பிரே மூன்றையும் சேர்த்தே பிடித்துக்கொண்டேன். எது எவ்வளவு உதவியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

தும்மல் நன்றாகக் குறைந்திருக்கிறது, ஆனால் நின்றுவிடவில்லை. டாக்டர் ஸ்பிரேயின் அளவைக் குறைத்திருக்கிறார். ஊருக்குப் போகும்போது தலையணை உறை ஒன்றைப் பையில் வைத்துக்கொள்கிறேன். அடுத்து ஜன்னல் திரையை மாற்ற வேண்டும், அதற்கு இந்த மாதம் பட்ஜெட் இல்லை.