அணைப்பது யார் என்று கேட்டுப் படியுங்கள்

கலத்தை வளர்ந்து பிரியச் சொல்லும் வளர்ச்சிச் சமிக்ஞை பற்றிய பகுதியை முதன்முறை படித்தபோது, வாங்கி (கலமேற்பரப்பில் சமிக்ஞையைப் பெறும் புரதம்), அதன் பின் ஒன்றையொன்று தூண்டும் ராஸ், ராஃப், மெக், ஏர்க் என்று புரதங்களின் பெயர்களை வரிசையாக மனனம் செய்துகொண்டு பரீட்சைக்குப் போனேன். ராஸ் புரதத்தின் 12ஆம் அமினோவமிலம் மாறினால் கலத்துக்கு என்ன நேரும் என்று கேட்டிருந்தார்கள். வரிசையை ஒன்றும் விடாமல் எழுதினேன். கேட்டதற்கு மட்டும் விடை எழுதவில்லை.

அந்தப் பாடத்தை மீண்டும் எழுத வேண்டியிருந்த ஆண்டில், சிறுபோகத்துக்கு இரணைமடுத் தண்ணீர் வந்த ஒரு நாள், அப்பாவுடன் வயலுக்குப் போனேன். கிளைவாய்க்காலின் இரும்புக் கதவு துருவேறி, திறந்தபடியே இறுகிக்கிடந்தது. அப்பா சுத்தியலால் தட்டத் தட்ட, அது இறங்குவதற்குள் பயிர் முக்கால்வாசி மூழ்கிவிட்டது. வினாவின் விடை அங்கேதான் விளங்கியது.

வளர்ச்சிக் காரணி வாங்கியில் பிணைந்ததும், ராஸ் தன்னிடமுள்ள ஜீடீபீ (GDP) என்ற சிறு மூலக்கூறை விட்டு, அதைவிட ஒரு பொஸ்பேற்று கூடுதலாயுள்ள ஜீரீபீயைப் (GTP) பற்றிக்கொண்டு செயற்படத் தொடங்குகிறது. பின்னர் அந்த ஜீரீபீயைத் தானே நீர்ப்பகுத்து, அதாவது நீரால் உடைத்து ஜீடீபீயாக்கி, ஓய்வுக்குத் திரும்புகிறது. இவ்வேலையில் ராஸ் மிக மந்தமானது என்பதால், காப் எனப்படும் துணைப்புரதங்கள் அதை விரைவுபடுத்துகின்றன. 12ஆம் இடத்திலிருப்பது மிகச் சிறிய கிளைசீன். அங்கே வலீன் வந்தமர்ந்தால், அதன் பக்கச்சங்கிலி இடத்தை அடைத்து நீர்ப்பகுப்பை முடக்கிவிடுகிறது. இறுகிய கதவைப் போல ராஸ் அணையாமலே கிடக்க, கலம் பிரிந்துகொண்டே போகிறது. மனித சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க் கலங்களில் 1982இல் கண்டறியப்பட்ட மாற்றம் இதுவே. காப் புரதங்களுள் ஒன்றான நியூரோஃபைப்ரோமினை இழந்தாலும் விளைவு ஏறத்தாழ அதுதான். ஆனால் ராஸில் ஒரு பிரதி பழுதானாலே போதும், இத்தகைய அடக்கும் பரம்பரையலகுகளிலோ பொதுவாக இரு பிரதிகளும் கெடவேண்டும். இந்த வேறுபாட்டைக் காரணத்துடன் எழுதுங்கள்.

வாய்க்கால் உவமையை விடைத்தாளுக்குக் கொண்டுபோகாதீர்கள். தண்ணீர் கிளைக்கக் கிளைக்கக் குறையும். சமிக்ஞையோ, ஒரு ராஃப் மூலக்கூறு பல மெக் மூலக்கூறுகளைத் தூண்டுவதால், கீழே போகப் போகப் பெருகும்.

ஒவ்வொரு புரதத்தின் பெயருக்கும் எதிரே அதை அணைப்பது எது என்று ஒரு நிரல் வரைந்து நிரப்பினேன். 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்களின் துண்டுகள் இடம்மாறி ஒட்டுவதால் பிறந்து, ஒருவகை இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் பீசீஆர்-ஏபிஎல் புரதத்துக்கு எதிரே வெகுநாள் வெறுமையாகவே இருந்தது. ஏபிஎல்லைக் கட்டுப்படுத்தும் முனைப்பகுதி அந்த ஒட்டலில் தொலைந்துவிடுகிறது. பிறகு அந்தக் கட்டத்தில், கலத்தின் சக்தி மூலக்கூறான ஏரீபீ (ATP) அமரும் குழியில் தான் புகுந்து அமர்ந்துகொள்ளும், 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப் என்ற மருந்தின் பெயரை எழுதினேன்.