தோவாளையில் 412 படம், தேறியது ஏழு

நாகர்கோவில் பக்கத்துத் தோவாளைப் பூச்சந்தைக்கு எப்படிப் போவது, எத்தனை மணிக்குப் போவது, என்ன செலவாகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த பஸ் விஷயத்தைக் கொட்டித் தீர்க்காமல் அடுத்த வரி ஓடாது போலிருக்கிறது.

மதுரையில் ராத்திரி ஏறும்போதே கேட்டேன், "தோவாளையில நிக்குமா?" "வடசேரிக்கு டிக்கெட் எடுத்துக்குங்க, பாத்துக்கலாம்" என்றார் கண்டக்டர். பார்த்துக்கொண்டேதான் போனோம். ஆரல்வாய்மொழி தாண்டியதும் சந்தை விளக்குகள் ஜன்னலில் பளிச்சென்று வந்தன, அப்படியே பின்னால் போயின. நான் எழுந்து கத்தியதற்கு டிரைவர் ஒரு ஹாரன் அடித்தார், அவ்வளவுதான். நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வந்த வழியே சுமார் 10 கிலோமீட்டர் திரும்பிப் போக ஆட்டோக்காரர் கேட்டது 450 ரூபாய். "ஓணம் சீசன்லா சார்." சீசன் பூவுக்குத்தானே, ஆட்டோவுக்கு என்ன வந்தது? பேரம் பேசி 350-க்குப் படிந்தது. மதுரையிலிருந்து நாகர்கோவில் வரை வந்த டிக்கெட்டைவிட அதிகம். அப்போதே ட்ரிப் பட்ஜெட் கிழிந்துவிட்டது.

ஆனால் உள்ளே காலடி வைத்ததும் அந்தக் கோபம் போன இடம் தெரியவில்லை. ஓசூர்ப் பக்கமிருந்து லாரியில் வந்த கேந்தி (செண்டுமல்லி) இடுப்பளவு குவிந்து கிடக்கிறது. ஒரு பக்கம் பிச்சி, இன்னொரு பக்கம் அரளி, கோழிக்கொண்டை, சம்பங்கி, மரிக்கொழுந்து. கேரள வியாபாரிகள் அத்தப்பூக் கோலத்துக்கு மூட்டை மூட்டையாக அள்ளுகிறார்கள். நான் வாயைப் பிளந்தபடி நடுவழியில் நிற்க, "சுமடு வருது, ஓரமா நில்லுங்க!" என்று முதுகில் ஒரு இடி. சரியான இடிதான், பாதையை மறித்தது நான்.

முதல் அரை மணி நேரம் எடுத்த படங்கள் மொத்தமும் குப்பை. இரண்டு காரணம். முதலாவது விளக்கு. பூ அசங்கக் கூடாதென்று ஷட்டர் வேகத்தை 1/500 நொடியில் வைத்தேன், படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை பட்டையாக விழுந்தது. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் ட்யூப்லைட் நொடிக்கு நூறு தடவை மினுக்குகிறது. 1/100-க்கு இறக்கியதும் பட்டை போய்விட்டது. இரண்டாவது நிறம். பிச்சி மூட்டை முன்னால் நின்றால் கேமரா அந்த வெள்ளையைப் பார்த்துப் பயந்து மொத்தத்தையும் சாம்பலாக்கிவிடுகிறது. எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்காக, ஏற்ற வேண்டும். கேந்திக்கு நேர் எதிர், இறக்க வேண்டும். இல்லையென்றால் இதழ் மடிப்பெல்லாம் அழிந்து, கேசரியை அள்ளிப் பூசியது போல ஒரே ஆரஞ்சுத் திட்டாக நிற்கும்.

வெளிச்சம் சரியான பிறகும் படம் நிற்கவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு மூலையில் நீல பிளாஸ்டிக் குடம், இன்னொரு மூலையில் உரச் சாக்கின் எழுத்து. 'வீட்டில் போய் கிராப் பண்ணிக்கொள்ளலாம்' என்று மனசு சொல்லும். நம்பாதீர்கள், சோம்பேறி மனசு அது. இரண்டடி இடப்பக்கம் நகர்ந்திருந்தால் அந்தக் குடம் படத்துக்குள்ளேயே வந்திருக்காது. என்னுடையது 24 மெகாபிக்சல் பழைய கேமரா, படம் 6000-க்கு 4000 பிக்சல். நீளத்திலும் அகலத்திலும் பாதி வெட்டினால் மிஞ்சுவது 6 மெகாபிக்சல்தான். பாதி வெட்டினோம், பாதி இருக்கிறது என்று நினைப்போம், இருப்பது கால். செல்போனில் விரலை விரித்து ஜூம் செய்கிறோமே, அதிலும் பெரும்பாலும் நடப்பது இதே வெட்டுதான்.

பூவைக் கட்டத்தின் மூன்றில் ஒரு பங்குக் கோட்டில் வைக்க வேண்டும் என்று யூடியூபில் பாடம் எடுக்கிறார்களே, ஒற்றைப் பூவுக்கு அது சரி. குவியலுக்குச் செல்லாது. குவியலை நான்கு ஓரமும் முட்ட நிரப்பி, அதற்குள் ஒரே ஒரு ஒட்டாத பொருளை விட வேண்டும். எனக்குக் கிடைத்தது கேந்திக்குள் பாதி புதைந்த தராசுத் தட்டு.

மாணிக்கமாலைக்கு வருகிறேன், அதற்காகத்தானே போனேன். 2025-இல் புவிசார் குறியீடு வாங்கிய மாலை. அரளிப் பூவையும் நொச்சி இலையையும் மடித்து மடித்துக் கட்டி, பாய் போலத் தட்டையாகக் கொண்டுவருகிறார்கள். கல் பதித்த நகை மாதிரியே இருக்கிறது. இதைச் சாய்வாக எடுத்தால் கோலம் கோணிவிடும், அதற்கு நேர் எதிரே நின்றால்தான் சரி. அப்படி நின்றும் என் படம் அரை டிகிரி சாய்ந்திருந்தது. நிமிர்த்தினால் மூலைகள் பறிபோகும். அதனால் நான்கு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு எடுத்து, நிமிர்த்திய பிறகு மாலையின் ஓரம் தெரியாதபடி உள்ளே வெட்டினேன். இதழ் பாதியில் அறுபட்டால் பரவாயில்லை, நன்றாக அறுபட வேண்டும். நுனி மட்டும் சீவினால் தவறிப் போய் வெட்டியது போலத்தான் இருக்கும்.

ஒரு அம்மா கட்டிக்கொண்டிருந்தார். அந்த விரல்களை மட்டும் இருபது படம் எடுத்திருப்பேன். நொச்சி இலையை நகத்தால் மடித்து, நாரை இழுத்து, அடுத்த பூவைக் கண்ணால் பார்க்காமலே எடுக்கிறார். "எத்தன தடவ எடுப்ப மக்கா, பூவு வாடிப் போவும்லா" என்று சிரித்தார். நல்ல படம் ஒன்றைச் செல்லுக்கு மாற்றி, 2000-க்கு 2500 பிக்சல் அளவில் நறுக்கிக் காட்டினேன். விரல், நார், இரண்டு அரளி. வேறொன்றும் இல்லை. எனக்கு ஏக பெருமை.

அவர் செல்லை வாங்கி, கண்ணருகே வைத்து, தள்ளி வைத்துப் பார்த்தார். "கையி மட்டும் கெடக்கு. நான் எங்க மக்கா?"

நல்லவேளை, என் செல்லில் வெட்டினாலும் அசல் போய்விடுவதில்லை. வெட்டியதைத் திரும்பப் பெற்றுக் காட்டினேன். முகம், கண்ணாடி, பின்னால் அந்த நீலக் குடம், உரச் சாக்கு எல்லாம் வந்தன. "ஆங், இது படம்."

ஏழு மணிக்குமேல் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று இறங்கியது. பக்கத்தில் காற்றாலையாக நட்டிருப்பது சும்மாவா? வயலில் பிச்சிச் செடி எடுக்கும் திட்டத்தை அங்கேயே கைவிட்டேன். ஒரு சின்னக் கடையில் புட்டு, பயறு, பப்படம். பயறைப் புட்டில் கொட்டி, பப்படத்தை நொறுக்கிப் போட்டு, பழம் வைத்துப் பிசைந்து தின்றேன். காப்பியோடு 60 ரூபாய். ஆட்டோவுக்குக் கொடுத்த காசில் ஐந்து பேர் சாப்பிட்டிருக்கலாம் என்ற கணக்கு வேண்டாம் என்றாலும் ஓடியது. நீங்கள் போனால் முந்தின நாளே நாகர்கோவிலில் தங்கி, ஆட்டோவை அன்று மாலையே பேசி வையுங்கள். ராத்திரி பஸ்ஸை நம்பாதீர்கள்.

வீட்டில் பார்த்தால் 412 படம், தேறியது ஏழு. விரல் படத்தை அக்கா 8-க்கு 10 அங்குலப் பிரிண்ட்டாகக் கேட்டாள். அங்குலத்துக்கு 250 புள்ளி வைத்தால் மயிரிழையில் சரியாக வருகிறது. அந்த அம்மாவுக்கு 8-க்கு 12 போட்டிருக்கிறேன். அந்த அளவுக்கு எதையும் வெட்ட வேண்டியதில்லை, குடம் உட்பட.